ஒதுங்க இடமில்லாத வெயில்

மார்ச் பிறந்ததும் அறிவுரைகள் வந்துவிடும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், மோர் குடியுங்கள், பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை வெளியே தலைகாட்டாதீர்கள். கட்சிக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் திறந்து, தர்பூசணி வெட்டி, படம் பிடித்துக்கொள்வார்கள். எல்லாம் நல்லதற்குத்தான். ஆனால், விடிவதற்கு முன்பே தூத்துக்குடி உப்பளத்தில் பாத்திக்குள் இறங்கிவிடும் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "தண்ணி குடிச்சா ஒதுங்கணும்லா, எங்க போயி ஒதுங்க?" என்று திருப்பிக் கேட்பார்.

புவி வெப்பமயமாதல் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். துருவப் பனி, கார்பன் வரி, 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடான முதல் ஆண்டு 2024 என்பதும் வாசகர்கள் அறிந்த சங்கதிதான். ஆனால், எனக்கு அந்தப் பெண்ணின் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

உப்பளத்தில் நிழல் கிடையாது. வெயிலும் காற்றும் தடையில்லாமல் பட்டால்தான் உப்பு விளையும் என்பதால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மொட்டை வெளி. பாத்தியில் படிந்த உப்பை ஆண்கள் பலகையால் வாரி வரப்பில் ஒதுக்க, பெண்கள் அதைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். தலைக்கு மேலே ஒரு வெயில் என்றால், வெள்ளை உப்பில் பட்டுத் தெறித்துக் கீழிருந்து முகத்தில் அடிப்பது இன்னொரு வெயில். கால் வெடிப்புக்குள் உப்புநீர் இறங்காமலிருக்கப் பழைய காலுறையை மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் தண்ணீர் ஒன்பது மணிக்கெல்லாம் சுட ஆரம்பித்துவிடும். அதிலும் பாதி மிச்சமாகி வீட்டுக்கே திரும்பிப் போகிறது. ஒதுங்க வேண்டுமென்றால் ஆண்கள் வரப்பைத் தாண்டித் திரும்பி நின்றுகொள்கிறார்கள். பெண்களுக்கு உடைமரப் புதர் கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் மதியம் வேலை முடிந்து வீடு போகும்வரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அடக்குவதைவிட குடிக்காமலிருப்பது சுலபம்.

கடும் வேலை செய்கிற உடம்பு வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்வையாக இழக்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை சட்டென்று காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. வெப்ப அலை என்று அறிவிக்கக் கடலோரத்தில் 37 டிகிரியாவது ஆக வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. 35, 36 என்று நிற்கும் நாட்களிலும் சிறுநீரகம் படுகிற பாடு அந்தக் கணக்கில் வராது. தமிழ்நாட்டு உப்பளங்களில் 350-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்த மருத்துவ ஆய்வாளர்கள், பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் உழைப்பதையும், சுமார் 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருப்பதையும் கண்டார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வேலை பார்த்த 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த இன்னோர் ஆய்வு 2024-இல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் மற்றவர்களைப்போல் இருமடங்கு என்றது அது.

அதே 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். பாராட்ட வேண்டிய முடிவுதான். ஒரே வருத்தம், பணம் வாங்க ஆள் செத்திருக்க வேண்டும், வெயிலால்தான் செத்தார் என்று காகிதமும் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்துச் சிறுநீரகம் சுருங்கியவருக்கு எந்தக் காகிதத்தில் இடம் இருக்கிறது?

வெயில் கூடினால் உப்பளத்துக்கு லாபம்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால், சூடான கடல், காற்றில் ஈரத்தை ஏற்றுகிறது; அது பருவம் தப்பிய மழையாக இறங்கினால் விளைந்த உப்பு கரைந்து ஓடிவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, கட்டிவைத்த அம்பாரங்களே கரைந்தன. உற்பத்தியாளர்களும் கையைப் பிசைகிறார்கள். கழிப்பறை பற்றிக் கேட்டால், உவர் நிலத்தில் குழி நிற்காது, ஆட்கள் இன்று ஒரு பாத்தி நாளை ஒரு பாத்தி என்று இடம் மாறுகிறார்கள், எங்கே கட்டுவது என்கிறார்கள். உமிழ்வைக் குறைக்காமல் கழிப்பறை கட்டி என்ன பயன் என்று கேட்கும் சூழலியலாளர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஒரு கட்சி.

ஆனாலும் பாருங்கள், திருவிழாவுக்கும் மாநாட்டுக்கும் சக்கரம் வைத்த கழிப்பறைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. உப்பு ஏற்ற லாரி அளத்துக்குள் வருகிறது. லாரி வருகிற தடத்தில் இந்த வண்டி வராதா?

ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது, இதற்கெல்லாமா சட்டம் என்று சிரித்தவர்கள் உண்டு. இன்று அது உரிமை. 2025-இல் சென்னையில், இருசக்கர வாகனத்தில் சாப்பாடும் சாமானும் கொண்டுபோய்க் கொடுக்கும் ஊழியர்களுக்குக் குளிரூட்டிய ஓய்வறைகள் திறந்தார்கள், கழிப்பறையோடு. கேரளத்தில் கோடை வந்தால் உச்சி வெயிலில் திறந்தவெளி வேலைக்குத் தடை போடுகிறார்கள். உடம்பின் தேவையைச் சட்டத்தில் எழுதலாம் என்பதற்கு இவை போதும். உப்பளத்துப் பெண் மட்டுமல்ல, தார் போடும் பெண், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், சாலையில் பூக்கூடையோடு உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் தண்ணீரைக் கணக்குப் பார்த்துத்தான் குடிக்கிறார்கள்.

உப்பளங்களில் ஒரு பகுதி அரசு நிலம், குத்தகைக்கு விடப்பட்டது. மழைக்கால வேலையிழப்புக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் அரசு, குத்தகைப் பத்திரத்தில் இன்னொரு நிபந்தனையும் சேர்க்கலாம்: இத்தனை ஏக்கருக்கு ஒரு நிழற்கூரை, குடிநீர், கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு கழிப்பறை. பொங்கல் கழிந்ததும் பாத்திகளைச் செப்பனிடும் வேலை தொடங்கிவிடும். அதற்குள் செய்தால், வரும் மார்ச்சில் தண்ணீர் குடிக்கச் சொல்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் குறையும்.