ஒரே மாத்திரை, வேறு வேறு உடம்பு

லேசான பக்கவாதம் வந்து தப்பியவருக்கு அடுத்த சில வாரங்கள்தான் பெரிய கண்டம். வாய் குழறி, கை மரத்து, அரை மணியில் சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைபவர்களுக்கும் இது பொருந்தும். ரத்தக்கட்டு மறுபடி அடைக்காமலிருக்க ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரெல் மாத்திரையை எழுதித் தருவது உலகெங்கும் வழக்கம்.

விழுங்கும்போது குளோபிடோக்ரெல் வெறும் மூலப்பொருள்தான். உடலில் சேர்வதில் ஏறத்தாழ 85 சதவீதம் பயனின்றிச் சிதைந்துவிடுகிறது. மிச்சத்தைக் கல்லீரல் நொதிகள் இரண்டு கட்டமாக மாற்றிய பிறகே, ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் மருந்து உருவாகிறது. அந்த நொதிகளில் முக்கியமானது சிஒய்பி2சி19. அதற்கான மரபணு பழுதுபட்டவர்கள் வேளை தவறாமல் மாத்திரை போட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. தாய், தந்தை இருவர் வழியிலும் பழுது வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010லேயே இதைக் கட்டம் கட்டி எச்சரித்தது.

தெற்காசியர்களான நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பிரிட்டனில் வாழும் வங்கதேச, பாகிஸ்தான் வம்சாவளியினரை ஆராய்ந்தபோது 57 சதவீதம் பேரிடம் இந்தப் பழுது இருந்தது. கிழக்கு ஆசியர்களிடமும் இது மிகுதி.

அதனால்தான் சீனாவில் 'சான்ஸ்-2' ஆய்வு நடந்தது. லேசான பக்கவாதம் கண்டவர்களுக்கு உடனடியாக மரபணுச் சோதனை செய்து, பழுதுள்ள 6,412 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான குளோபிடோக்ரெல். மற்றதற்கு, கல்லீரல் மாற்றித் தர வேண்டிய தேவையில்லாத டிக்காக்ரெலார். 2021ல் முடிவு வெளியானது. 90 நாட்களுக்குள் மீண்டும் பக்கவாதம் கண்டவர்கள் முதல் பிரிவில் 7.6 சதவீதம், இரண்டாவதில் 6 சதவீதம். கடுமையான ரத்தக்கசிவு கூடவில்லை. ஆனால் சிறு கசிவுகளையும் சேர்த்தால் டிக்காக்ரெலார் பிரிவில் இரு மடங்கு. ஆகவே எல்லோருக்கும் மருந்தை மாற்றிக் கொடுப்பது தீர்வாகாது. யாருக்கு வேண்டும் என்று தெரிந்து கொடுப்பதே முறை.

சோதனை ஒன்றும் கடினமில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் படுக்கை அருகிலேயே முடிவு சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. குளோபிடோக்ரெல் தருவதாக இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யும்படி பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2024ல் பரிந்துரைத்தது. ஆபத்து முதல் சில நாட்களில்தான் உச்சம் என்பதால், ஒரு வாரம் கழித்து வரும் அறிக்கையால் பாதிப் பயன் போய்விடும்.

மரபணு நன்றாக இருப்பவர்களிடமும் நொதி மந்தமாகலாம். வயிற்றெரிச்சலுக்குப் பலர் தாங்களாகவே மருந்துக்கடையில் வாங்கிப் போடும் ஒமிப்ரசோல், இதே சிஒய்பி2சி19ஐத் தடுக்கக்கூடியது. குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் ஒமிப்ரசோல் போடுவதை மருத்துவரிடம் சொல்லிவிட்டால், அவர் இந்த நொதியை அவ்வளவாகத் தடுக்காத பான்டோப்ரசோலுக்கு மாற்றித் தர முடியும்.