அறையில் போன் இருக்க, கூட்டம் எதற்கு?

மந்தைவெளி பஸ் டிப்போ பக்கத்து டீக்கடையில் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் மகனுக்குத் தோஹாவில் ஏசி மெக்கானிக் வேலை. 2022 கால்பந்து உலகக் கோப்பையின்போது டியூட்டி முடிந்த களைப்போடு போய், ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவில் நின்று மேட்ச் பார்த்தானாம். “கையில போன் இருக்கு, அதுலயே தெரியுமே. அப்படி என்ன சார் இருக்கு அந்தக் கூட்டத்துல?” என்றார். டீயோடு சேர்த்து நிதானமாகச் சொல்ல வேண்டிய பதில் அது.

அங்கே என்ன நடந்தது என்பதை முதலில் பார்ப்போம். கத்தாரில் 2022 நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை, 8 மைதானங்களில் போட்டி. எல்லாமே தோஹாவிலும் அதைச் சுற்றியும்தான். டிக்கெட் இல்லாதவர்களுக்கு நகரின் கடலோரம், அல் பித்தா பூங்காவில், 40,000 பேர் நிற்கும்படி ஃபிஃபாவின் விழாத்திடல் இருந்தது. இன்னொரு திடல் ஊருக்கு ஒதுக்குப்புறமாக, தொழிலாளர் கேம்ப்கள் நிறைந்த இண்டஸ்ட்ரியல் ஏரியா பக்கம், ஏசியன் டவுன் கிரிக்கெட் மைதானத்தில். பெரிய திரை, இலவச அனுமதி. கத்தாரும் ஈக்வடாரும் மோதிய முதல் நாளே ஆயிரக்கணக்கில் கூடிவிட்டார்கள்: நம் ஊர்க்காரர்கள், மலையாளிகள், நேபாளிகள், வங்கதேசத்தவர், ஆப்பிரிக்க நாட்டவர்.

ஏன் திடல்? மைதானத்துக்கே போயிருக்கலாமே? கத்தாரில் வசிப்பவர்களுக்கென்று ஒதுக்கிய மலிவு டிக்கெட், முதல் சுற்றில் 40 ரியால். அன்றைய மதிப்பில் சுமார் 900 ரூபாய். அந்த நாட்டின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 ரியால். ஆக, மிக மலிவான சீட்டே ஏறக்குறைய ஒரு நாள் கூலி. இறுதி ஆட்டத்துக்கு அதே வகைச் சீட்டு 750 ரியால். மாதச் சம்பளத்தில் முக்கால் பங்கு. மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன் அதைத் தொட யோசிப்பான்.

நேரமும் ஒரு தடை. முதல் சுற்றில் பெரும்பாலும் பகல் 1, 4, இரவு 7, 10 என்று ஆட்டங்கள். பத்து மணி ஆட்டம் முடியும்போது நள்ளிரவு. விடிந்தால் வேலை. அப்படியும் போனார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

அறுபத்துமூவர் விழா அன்று மயிலாப்பூர் மாட வீதியில் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டிவியில் காட்டினாலும் நாம் வீட்டில் இருப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாது. சாமி திரும்பும்போது இருவர் கையும் சேர்ந்தே குவிகிறது. மேட்ச் கூட்டமும் அப்படித்தான். வாரம் முழுக்க ஹெல்மெட்டும் அடையாள அட்டையுமாகவே பார்க்கப்படுகிறவன், அந்த இரண்டு மணி நேரம் அர்ஜென்டினாக்காரன் ஆகிறான். ஒரு வார்த்தை இந்தி தெரியாத திருச்சிப் பையனும் நேபாளிப் பையனும் கோல் விழுந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்ள மொழி தேவைப்படுவதில்லை.

“நம்ம நாடே ஆடலையே, அர்ஜென்டினா மேல என்ன பாசம்?” என்று கேட்கலாம். தோஹா வீதிகளில் கொடி பிடித்து ஊர்வலம் போன கேரளத்து ரசிகர்களை, காசு வாங்கிய போலிகள் என்று சில வெளிநாட்டு ஊடகங்கள் எழுதின. அது பெரிய அநியாயம். 1986-ல் மரடோனாவை டிவியில் பார்த்து மயங்கிய தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். கேரளம், கொல்கத்தா, நம் வியாசர்பாடி எல்லாவற்றிலும் கால்பந்து ரத்தத்தில் ஊறியது. பிறந்த நாட்டின் அணிக்கு மட்டும்தான் அன்பு வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

டிசம்பர் 18 அன்று லுசைல் மைதானத்தில் 88,966 பேர். அர்ஜென்டினாவும் பிரான்சும் 3–3 என்று சமனில் நிற்க, பெனால்டியில் 4–2 என்று அர்ஜென்டினா வென்றது. நமக்கு அப்போது இரவு. தோஹாவில் அதே நேரம் திடல்களிலும் மெஸ்ஸிக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்த மைதானங்களை எழுப்பியவர்களில் பலர் போட்டியின்போது அவற்றுக்குள் கால் வைக்காமல் வெளியே நின்றே பார்த்தார்கள். ஏசியன் டவுன் திடல் நல்ல ஏற்பாடுதான். ஆனால் தொழிலாளிக்கு ஊரோரத்தில், மற்றவர்களுக்குக் கடலோரத்தில் என்று கூட்டமும் இரண்டாகப் பிரிந்திருந்ததை மறக்கக்கூடாது.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. 2034 உலகக் கோப்பை சவூதி அரேபியாவில். மைதானம் கட்டவும், ஏசி மாட்டவும், கம்பி வளைக்கவும் தமிழ்நாட்டிலிருந்து மீண்டும் பிள்ளைகள் போவார்கள். சம்பளம், வெயில் நேரத்து ஓய்வு, பாதுகாப்பு ஆகியவற்றை முதலில் கேட்போம். அவற்றோடு, கட்டியவர்களுக்கென்று அவர்கள் கூலிக்குக் கட்டுப்படியாகும் சீட்டும், ஆட்ட நாளில் விடுப்பும், நகரின் நடுவிலேயே எல்லாரோடும் நின்று பார்க்க இடமும் கேட்போம். உழைக்கப் போன ஊரில் எல்லாரோடும் சேர்ந்து மகிழவும் அவர்களுக்கு உரிமை உண்டு.