பட்டாசு வட்டாரத்து வானில் ஓரியன் நெபுலா

நெபுலா என்பது விண்மீன்களுக்கு இடையே வாயுவும் தூசும் சேர்ந்து பரந்து கிடக்கும் முகில். வீட்டு முற்றத்தில் வைக்கும் சிறு தொலைநோக்கியால் படம்பிடிக்க மிகவும் ஏற்றது ஓரியன் நெபுலா. திருவாதிரை நட்சத்திரம் உள்ள அதே கூட்டத்தில், வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குச் சற்றுத் தெற்கே, வெறும் கண்ணுக்கே மங்கலான திட்டாகத் தெரியும். அதன் தொலைவு சுமார் 1,340 ஒளியாண்டுகள். இன்று கேமராவில் விழும் ஒளி, காஞ்சியைப் பல்லவர் ஆண்ட காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது. வானில் அதன் அகலம் முழுநிலவைப் போல் இரண்டு மடங்கு. எனவே பெரிய உருப்பெருக்கம் தேவையில்லை. 60 முதல் 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸ் தொலைநோக்கியே போதும். கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிவது படத்தில் சிவப்பும் நீலப்பச்சையுமாக வருகிறது.

அந்த நிறம் எப்படி வருகிறது என்பது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள பட்டாசு ஊர்களுக்கு எளிதில் விளங்கும். மருந்தில் ஸ்ட்ரான்ஷியம் உப்பு கலந்தால் வாணம் சிவப்பாக எரிகிறது; பேரியம் உப்பு கலந்தால் பச்சை. சூடேறி வாயுவான பொருள் ஒவ்வொன்றும் தனக்கென்று உள்ள நிறத்தில்தான் ஒளியை உமிழும். நெபுலாவில் அந்த வேலையை ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் செய்கின்றன. நடுவில் உள்ள இளம் விண்மீன்களின் புற ஊதா ஒளி ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறிகிறது. எலக்ட்ரான் மீண்டும் அணுவோடு சேர்ந்து படிப்படியாக இறங்கும்போது 656.3 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு பிறக்கிறது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் பச்சையாக ஒளிர்கிறது. 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் நிறமாலையில் இந்தப் பச்சைக் கோட்டைக் கண்டபோது, பூமியில் இல்லாத ஏதோ தனிமம் என்றே பின்னர் பலரும் எண்ணினர். அது ஆக்சிஜன்தான் என்று ஐரா போவன் நிறுவ 1927 வரை ஆயிற்று.

நெபுலாவை முதலில் படம்பிடித்தவர்கள் இருவருமே வீட்டருகே தொலைநோக்கி வைத்திருந்தவர்கள். அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று, தம் குடும்ப நிலத்தில் கட்டிய ஆய்வுக்கூடத்திலிருந்து, 51 நிமிடம் ஒளிப்படத் தட்டைத் திறந்து வைத்து ஓரியன் நெபுலாவைப் பதிவுசெய்தார். லண்டனை அடுத்த ஈலிங்கில், கழிவுநீர்ப் பொறியாளர் ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கியை நிறுத்தி, 1883இல் அதைவிடத் தெளிவான படம் எடுத்தார். தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்தபோது தெரியாத விண்மீன்கள் அந்தத் தட்டில் பதிந்திருந்தன. கண்ணால் ஒளியைச் சேர்த்து வைக்க முடியாது; கேமராவால் முடியும். இந்தக் கலை முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது.

ஒளியைச் சேர்க்க, தொலைநோக்கி ஒரே இடத்தை நோக்கியபடி வானோடு நகர வேண்டும். பூமி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 வில்விநாடி நகர்கிறது. 400 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள தொலைநோக்கியில் சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவை மாட்டினால், ஒரே நொடியில் விண்மீன் ஏழு பிக்சல் அளவுக்குக் கோடாக இழுபடும். அதனால் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்தி மோட்டாரால் சுழற்றும் ஈக்வடோரியல் மவுண்ட் தேவை. காசில் பெரும்பங்கைத் தொலைநோக்கிக்குக் கொடுத்துவிட்டு மவுண்டில் மிச்சம் பிடிப்பது தவறான கணக்கு.

ஆலங்குளத்தில் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். ஊரின் அட்சரேகை ஒன்பதரைப் பாகைக்குச் சற்றுக் குறைவு. மவுண்டின் அச்சைச் சரியாகத் திருப்ப உதவும் துருவ விண்மீனும் அடிவானிலிருந்து ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். கரிசல் புழுதியும் புகையும் அந்த உயரத்தில் அதை மங்கச் செய்யும். ஒரு வேப்பமரமோ பக்கத்து வீட்டுச் சுவரோ முற்றிலும் மறைத்துவிடும். குளிர்நாடுகளை மனத்தில் வைத்துச் செய்த சில மவுண்டுகளை இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால், எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். முக்காலியைத் திருப்பி, தண்டு இரண்டு கால்களுக்கு நடுவே வரும்படி வைத்தால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். துருவ விண்மீன் தெரியாவிட்டால், வானில் மூன்று இடங்களைப் படம்பிடித்து அச்சின் பிழையைக் கணக்கிடும் மென்பொருள் கைகொடுக்கும்.

அந்தச் சிரமத்துக்கு ஈடாக இந்த அட்சரேகை அள்ளிக் கொடுக்கிறது. ஈலிங்கில் ஓரியன் நெபுலா உச்சத்தில் இருக்கும்போதும் 33 பாகைக்கு மேல் ஏறாது. ஆலங்குளத்தில் 75 பாகை வரை ஏறுகிறது. தலைக்கு மேல் உள்ள வானத்தில் காற்றும் தூசும் மெல்லிய படலம்தான். வடகிழக்குப் பருவமழை புழுதியைக் கழுவிவிட்டுப் போன பின் வரும் தை மாதமே இதற்கு உகந்த காலம். ஜனவரி இறுதியில் இரவு ஒன்பது மணியளவில் நெபுலா உச்சியில் நிற்கும். நிலவொளி இருக்கக் கூடாது என்பதால் அமாவாசையை ஒட்டிய இரவுகளே தோது. சிவகாசி நாள்காட்டியே அதைச் சொல்லிவிடும்.

மொட்டை மாடி வசதியானது, ஆனால் பகலில் சூடேறிய தளம் இரவு வெகுநேரம் வெப்பத்தை வெளியிட்டுக் காற்றைக் கலக்கும்; மண்தரையே மேல். குவியத்தைச் சரிபார்க்க, தொலைநோக்கி முகத்தில் பாக்டினோவ் முகமூடி என்ற சாய்கோட்டுத் துளைகள் வெட்டிய அட்டையை மாட்டுவார்கள். பிரகாசமான விண்மீனிலிருந்து மூன்று ஒளிக்கோடுகள் விரியும். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரியாக மையத்தில் வந்தால் குவியம் சரி. டை கட்டிங் தெரிந்த அச்சகத்துக்கு இந்த அட்டையை வெட்டுவது கடினமல்ல.

நீண்ட நேரம் எடுக்கும் ஒரே படத்தைவிடக் குறுகிய நேரப் படங்கள் பலவே நல்லது. இரண்டு நிமிடப் படங்கள் அறுபது எடுத்தால் இரண்டு மணி நேர ஒளி சேரும். அவற்றை அடுக்கிச் சராசரி எடுக்கும்போது, இரைச்சல் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது: நூறு படங்களுக்குப் பத்தில் ஒரு பங்கு. நடுப்பகுதி மட்டும் வெளுத்துப் போகும் என்பதால், அதற்கென ஐந்து நொடிப் படங்களைத் தனியே எடுத்துப் பின்னர் இணைக்க வேண்டும். மூடியைப் போட்டு அதே கால அளவில் எடுக்கும் கறுப்புப் படங்கள் சென்சார் சூட்டின் புள்ளிகளைக் கழிக்கவும், விடியலில் வெள்ளை வேட்டித் துணியைப் போர்த்தி எடுக்கும் படங்கள் லென்ஸ் தூசின் நிழலை நீக்கவும் உதவும். டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் ஆகிய மென்பொருள்கள் இந்த அடுக்கும் வேலையை இலவசமாகச் செய்கின்றன. முதலில் திரையில் வருவது ஏறக்குறைய கறுப்புப் படம்தான். மங்கிய பகுதிகளின் ஒளியளவை மெல்ல உயர்த்த உயர்த்தச் சிவப்பு இறக்கைகள் விரியும்.

சாதாரண கேமராவில் உள்ள வடிகட்டி ஹைட்ரஜன் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதைக் கழற்றி மாற்றியவர்களின் படங்களில் சிவப்பு ஆழமாக வரும். தெருவிளக்கு விஷயத்தில் நிலைமை மோசமாகியிருக்கிறது. பழைய சோடியம் விளக்கின் மஞ்சளை எளிதில் வடிகட்டலாம். வெள்ளை எல்இடி எல்லா நிறங்களிலும் ஒளிர்வதால், ஹைட்ரஜன், ஆக்சிஜன் நிறங்களை மட்டும் விடும் குறுகிய வடிகட்டியே பயன்படுகிறது.

ஓரியன் மேற்கே சாய்ந்த பிறகு தெற்கில் கரீனா நெபுலா வருகிறது. முழுநிலவைப் போல் நான்கு மடங்கு அகலமான அது லண்டனில் எக்காலத்திலும் உதிப்பதில்லை. ஆலங்குளத்தில் ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பதரை மணிக்கு 21 பாகை உயரத்தில் இருக்கும். தனுசு ராசியின் லகூன் நெபுலா ஜூன் நள்ளிரவில் 56 பாகை வரை ஏறும், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் தென்மேற்குப் பருவ மேகங்கள் வழிவிட்டால்.