வீசிங் நின்றால் ஆஸ்துமா அடங்கிவிட்டதா?

பிள்ளைக்கு இளைப்பு வந்தால் நெபுலைசர் வைக்கிறோம். மறுநாள் அது பள்ளிக்குப் போய்விட்டால், தினமும் போடச் சொன்ன இன்ஹேலரை அலமாரியில் வைத்துவிடுகிறோம். கோளாறே இங்குதான். நெபுலைசரில் வைக்கும் சால்புடமால் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரம் விரிக்கும். ஒவ்வாமையால் உள்ளே உண்டான அழற்சி அப்படியே இருக்கும். அதைத் தணிப்பது புடசொனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்.

கடந்த 4 வாரங்களை நினைத்துப் பாருங்கள். வாரத்தில் 2 முறைக்கு மேல் பகலில் இளைப்பு, அதே அளவுக்கு சால்புடமால் தேவை, இரவில் இருமி விழிப்பு, விளையாட்டைப் பாதியில் நிறுத்துவது: இவற்றில் மூன்று இருந்தால் நோய் கட்டுக்குள் இல்லை. ஒன்றிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு என்றதும் பயம் வேண்டாம். இன்ஹேலரில் அளவு மைக்ரோகிராம் கணக்குதான். நெடுநாள் போட்டால் உயரம் ஏறக்குறைய 1 செ.மீ. குறையலாம். மூச்சுத்திணறி அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குவதால் வரும் கேடு அதைவிடப் பெரிது.

மருந்தைக் கூட்டும் முன் போடும் விதத்தை மருத்துவர் எதிரில் செய்து காட்டுங்கள். இன்ஹேலரைக் குலுக்கி, அதன் முனையில் மாட்டும் ஸ்பேசர் குழாயில் ஒரு பஃப் அழுத்தி, 5 முறை நிதானமாக மூச்சிழுக்க வேண்டும். அடுத்த பஃப் அதன் பிறகே. முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் உலர விடுங்கள். வீட்டில் பீடி, கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை கூடாது.

இத்தனைக்கும் அடங்காவிட்டால், ஒவ்வாமை ஆஸ்துமா உள்ள 6 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஒமாலிசுமாப் ஊசி உண்டு. அதைச் சிறப்பு மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆஸ்துமாவுக்கு மான்டிலுகாஸ்ட் மாத்திரை எடுக்கும் பிள்ளையின் தூக்கமோ சுபாவமோ மாறினால் உடனே தெரிவியுங்கள். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்குக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது.

பெற்றோருக்கு உரிமைகளும் உண்டு. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். சால்புடமாலும் புடசொனைடும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக்கு உச்சவரம்பு உண்டு. ஆஸ்துமாவை அடியோடு தீர்ப்பதாகச் சொல்லி மருந்து விற்பதை மருந்து விதிகளின் ஜே அட்டவணை தடுக்கிறது. அப்படி விற்பவர் மீது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கலாம்.

மூச்சிழுக்கும்போது விலா எலும்பிடை உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, காத்திருக்காதீர்கள். ஸ்பேசரில் சால்புடமால் கொடுத்தபடியே 108ஐ அழையுங்கள்.