மதுரையில் ஓர் இரவு: எந்த வீதியில் தங்குவது?

கன்னிவாடிப் பக்கத்துக் குடும்பங்கள் மதுரைக்குப் போனால் பெரும்பாலும் அங்கே தங்குவதில்லை. விடியற்காலையில் புறப்பட்டுத் திண்டுக்கல்லில் பேருந்து மாறினால், முற்பகலிலேயே அன்னை மீனாட்சியின் சந்நிதியில் நின்றுவிடலாம். உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தியதும் சாப்பாடு, பிறகு ஜவுளிக்கடை. மாலை நான்கு மணிக்கு நடை திறந்ததும் இன்னொரு முறை தரிசனம். அதற்குள் ஊர் திரும்பும் கவலை வந்துவிடுகிறது. திண்டுக்கல்லுக்குப் போய், அங்கிருந்து கன்னிவாடிக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமே! ‘பக்கத்து ஊர்தானே’ என்ற எண்ணத்தால், காசிக்கும் இராமேசுவரத்துக்கும் சென்று தங்கும் நம்மவர்கள் மதுரையில் ஓர் இரவுகூடத் தங்காமலே வாழ்நாளைக் கழித்துவிடுகிறார்கள்.

இதனால் தவறிப்போவது சிறிதன்று. இரவு பத்து மணியளவில் நடைபெறும் பள்ளியறை பூஜையின்போது சொக்கநாதரின் திருவடிகள் பல்லக்கில் எழுந்தருளி அம்மன் சந்நிதியிலுள்ள பள்ளியறைக்குச் செல்கின்றன. நாகசுரம் முன்னே ஒலிக்க, சாம்பிராணிப் புகை பிரகாரமெங்கும் பரவ, பகலெல்லாம் நெரிசலாக இருந்த அந்த இடம் தணிந்து கிடக்கும். மறுநாள் காலை ஐந்து மணியளவில் நடை திறந்து திருவனந்தல் நடைபெறும். ஒரு நாளின் முடிவையும் மறுநாளின் தொடக்கத்தையும் அடுத்தடுத்துக் காண விரும்புகிறவர்கள் மதுரையில் தங்கியே ஆக வேண்டும். தங்குவது என்று முடிவானபின் எழும் கேள்வி, எந்தப் பகுதியில் என்பதுதான்.

மதுரை இதற்கு ஓர் அருமையான ஊர். நடுவில் திருக்கோயில், அதன் மதிலுக்குள்ளே ஆடி வீதிகள். வெளியே சித்திரை வீதிகள், அவற்றைச் சூழ்ந்து ஆவணி மூல வீதிகள், அப்பால் மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். தாமரையின் இதழ்களாக நகரம் விரிகிறது என்று பெரியோர் சொல்வார்கள். தங்குமிடம் தேடுகிறவர் வரைபடத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அறை எந்த மாதத்தின் வீதியில் இருக்கிறது என்று கேட்டாலே, கோயில் எவ்வளவு தூரம் என்பது விளங்கிவிடும்.

அந்த வெளி வீதிகளோடு நம் ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. நாயக்கர் ஆட்சியில் அமைந்த 72 பாளையங்களுள் கன்னிவாடியும் ஒன்று. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களும் பாளையத்துக்கு ஒன்றாகக் காவலுக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தன என்பது மரபு. அந்தக் கோட்டையை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து, அகழியைத் தூர்த்து, வீதிகளாக்கினார். அளவெடுத்த மாரட்டின் பெயரும் வேலை பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும் அங்கே வீதிப் பெயர்களாக நிலைத்தன. பெரியார் பேருந்து நிலையம் அருகே இன்றும் எஞ்சி நிற்கும் கொத்தளத்தைப் பார்க்கலாம்.

இன்று வெளியூர் அன்பர்கள் மிகுதியாகத் தங்குவதும் இந்த மேற்குப் பகுதியில்தான். இரயில் நிலையத்துக்கு எதிரே இராணி மங்கம்மாள் பெயரால் சத்திரம் இருக்கிறது. டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, மேல மாசி வீதி ஆகியவற்றில் எல்லா வசதிக்கும் தக்க விடுதிகள் உண்டு. கோயிலுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. மேல மாசி வீதியில் இம்மையிலும் நன்மை தருவார் கோயில்; பெரியார் நிலையத்தை ஒட்டிக் கூடலழகர் கோயில்; திருப்பரங்குன்றத்துக்கு நகரப் பேருந்தும் அங்கேயே கிடைக்கும். திண்டுக்கல் இரயிலில் வருவோருக்கு இதைவிட ஏற்ற இடம் இல்லை. பேருந்தில் வருவோர் ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் வயதானவர்களை அழைத்துச் செல்லும்போது இந்தக் கணக்கு மாறிவிடும். சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அம்மனை முதலில் வணங்குவது மதுரையின் முறை. அதற்குக் கீழ்ப்புறத்து அஷ்டசக்தி மண்டபத்தின் வழியே நுழைவார்கள். மேற்கே தங்கிய மூதாட்டி கோயிலைப் பாதி சுற்றிவந்து, பிறகு உள்ளேயும் அவ்வளவு தூரம் நடந்து, இரவு பத்து மணிக்குமேல் அதே வழியில் திரும்ப வேண்டும். பள்ளியறை பூஜைக்கென்றே வந்தவர், கால் வலியால் எட்டு மணிக்கே அறைக்குத் திரும்பிவிட்டால் தங்கியதன் பயன் என்ன? முதியோர் உடனிருந்தால், வாடகை கூடுதலாக இருந்தாலும் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி ஓரத்திலேயே அறை எடுப்பது நல்லது. கைப்பேசிகளைக் கோயிலுக்குள் கொண்டுசெல்ல 2018 முதல் தடை இருப்பதால், அவற்றை அறையிலேயே வைத்துவிட்டுப் போகும் வசதியும் இதில் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் வேண்டாம். ஜவுளிக் கூட்டத்தில் குழந்தைகளோடு நகர முடியாது.

சித்திரைத் திருவிழா வந்துவிட்டாலோ, மேற்கா கிழக்கா என்பதைவிட வைகையின் எந்தக் கரை என்பதே முதல் கேள்வி. திருக்கல்யாணமும் மறுநாள் மாசி வீதிகளில் நடைபெறும் திருத்தேரோட்டமும் தென்கரையில். அதையொட்டிக் கள்ளழகர் மூன்றுமாவடிக்கு எழுந்தருள, எதிர்சேவை தொடங்கிவிடும். இரவு தல்லாகுளம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை ஏற்று, விடியலில் ஆற்றில் இறங்குகிறார். பிறகு வண்டியூர், தேனூர் மண்டபம், இராமராயர் மண்டபத்தில் தசாவதாரம், சேதுபதி மண்டபத்திலிருந்து பூப்பல்லக்கு என்று அழகரின் நாள்கள் பெரிதும் வடகரையிலேயே கழிகின்றன.

அந்த இரவில் பாலங்களில் மனிதத் தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியாது; வாகனங்களைத் திருப்பிவிடுவார்கள். இரயில் நிலையத்தருகே தங்கி, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஆட்டோவில் ஆற்றுக்குப் போய்விடலாம் என்று எண்ணுகிறவர்கள், அழகர் இறங்கியபின் ஈர மணலை மட்டும் பார்த்துத் திரும்ப நேரும். ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் காட்சி, இரண்டு கிலோமீட்டர் தூரத்தால் கைநழுவிவிடும்.

அழகருக்காகவே வருகிறவர்கள் தல்லாகுளம், கோரிப்பாளையம் பகுதியில் தங்கட்டும். எதிர்சேவையை வாசலிலிருந்தே காணலாம்; உறக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். தேரையும் காண வேண்டும், அழகரையும் காண வேண்டும் என்பவர்களுக்குச் சிம்மக்கல்லையும் வடக்கு மாசி வீதியையும்தான் சொல்வேன். விடுதிகள் மேற்குப் பகுதியைப் போல மிகுதியாக இல்லை. முன்பே சொல்லி வைக்க வேண்டும். ஆயினும் தேரோடும் வீதி ஒருபுறம், ஆறு மறுபுறம், இரண்டும் நடக்கும் தூரம். கூட்டத்துக்கு முன்பே யானைக்கல் வழியாகக் கரையை அடைந்துவிடலாம். பழைய சொக்கநாதர் கோயிலும் அங்கேதான் இருக்கிறது.

மற்றத் திருவிழாக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆவணியில் பிட்டுக்கு மண் சுமந்த லீலை நடைபெறும் புட்டுத்தோப்பு, நாம் பேருந்திலிருந்து இறங்கும் ஆரப்பாளையத்தை ஒட்டியது. தை மாதத் தெப்பத்தன்று அம்மனும் சுவாமியும் கிழக்கே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு எழுந்தருளுவதால் கோயிலில் நடை சாத்தியிருக்கும். தைப்பூசத்துக்குப் பழனியில் காவடி செலுத்திவிட்டு அப்படியே மதுரைக்குப் போகலாம் என்று புறப்படும் நம் பக்கத்தார் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளையொட்டி வரும்.

திருவிழா இல்லாத நாளில், ஒரே ஓர் இரவுதான் இயலும் என்றால் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் புறப்படுங்கள். மாலையில் பொற்றாமரைக் குளக்கரை ஊஞ்சல் மண்டபத்தில் அம்மனும் சுவாமியும் ஊஞ்சலாடும் காட்சி. அறைக்குச் சென்று சற்று இளைப்பாறி வந்தால் பள்ளியறை பூஜை. சனிக்கிழமை விடியலில் திருவனந்தல் தரிசித்துவிட்டு ஆரப்பாளையம் போனால், மதிய உணவுக்குக் கன்னிவாடி வந்து சேர்ந்துவிடலாம்.