அகதிகள் தொடக்கிய சபைகள்: லிபெர்த்தாவிலிருந்து ஒரு நோக்கு

பலெர்மோ மாநகரின் லிபெர்த்தா பகுதியை அறியாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் இல்லை எனலாம். அங்குள்ள மாடிவீடுகளில் சமையல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு முதலிய பணிகளைச் செய்தே எம்மவரில் பலர் தம் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். ஊரிலிருந்த உறவுகளையும் தாங்கினர். அப்பகுதிக்குப் பெயர் தந்த பெருவீதி, 1848ஆம் ஆண்டு சிசிலியில் எழுந்த புரட்சி அரசினால் திறக்கப்பட்டதாகும். லிபெர்த்தா என்பதற்குச் சுதந்திரம் என்பது பொருள்.

அதே 1848இல், பெப்ரவரி 17ஆம் நாள், இத்தாலியின் வடகோடியில் வேறொரு சுதந்திரம் பிறந்தது. பியெமொந்தே மலைகளில் நூற்றாண்டுகளாக ஒடுக்கப்பட்டு வாழ்ந்த வால்தேசியர் என்னும் சிறுபான்மைக் கிறிஸ்தவர்களுக்குக் கார்லோ அல்பேர்த்தோ மன்னர் குடியுரிமைகளை வழங்கினார். இத்தாலிய மண்ணில் புரட்டஸ்தாந்து சபைகள் வெளிப்படையாக இயங்குவதற்கு வழி பிறந்தது அதன் பின்னரே. இன்று அச்சபைகளுள் ஒன்றான பப்டிஸ்த திருச்சபையின் வாழ்வையும் பணியையும், பலெர்மோவில் அதன் உடன்பிறப்பாக விளங்கும் வால்தேசிய சபையின் வரலாற்றையும் வாசகர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். சைவர், கத்தோலிக்கர் என எம்முள் எவராயினும் இவ்வரலாற்றில் அறிந்துகொள்ள வேண்டியது உண்டு என்பதே எமது எண்ணம்.

புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்த சபை

பப்டிஸ்த திருச்சபையின் தொடக்கம் அகதி வாழ்விலேயே அமைந்தது. இங்கிலாந்தில் அரச திருச்சபைக்குப் பணிய மறுத்த ஒரு சிறு கூட்டத்தினர் நாட்டைவிட்டுத் தப்பி, ஒல்லாந்தின் ஆம்ஸ்ரர்டாம் நகரில் தஞ்சம் புகுந்தனர். அங்கே 1609ஆம் ஆண்டு ஜோன் ஸ்மித் என்பவரின் தலைமையில் முதலாவது பப்டிஸ்த சபை உருவாயிற்று. தானே விசுவாசித்து, தன் வாயால் அதனை அறிக்கையிடும் ஒருவருக்கே ஞானஸ்நானம் வழங்கலாம், குழந்தைக்கு வழங்குதல் ஆகாது என்பது அவர்களின் கொள்கை. நீரில் முழுமையாக மூழ்கி எழும் வழக்கம் சில பத்தாண்டுகளின் பின்னரே நிலைபெற்றது.

அக்கூட்டத்தில் ஒருவரான தோமஸ் ஹெல்விஸ், தஞ்சம் கிடைத்த நாட்டில் நிம்மதியாக இருந்துவிடவில்லை. தாயகம் திரும்பி, 1612ஆம் ஆண்டளவில் இலண்டனின் ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் பகுதியில் சபையொன்றை நிறுவினார். மன்னரும் சாகும் மனிதரே, ஆன்மாவின்மேல் அவருக்கு அதிகாரம் இல்லை என்று நூல் எழுதி, அதனை முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கே முகவரியிட்டார். தம் சபையாருக்கு மட்டும் அவர் சுதந்திரம் கேட்கவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. யூதருக்கும், இஸ்லாமியருக்கும், தாம் ஏற்காத கொள்கையுடையோருக்கும் அதே சுதந்திரம் வேண்டும் என வாதிட்டார். அதன் விளைவாக நியூகேற் சிறையில் அடைக்கப்பட்டு, அங்கேயே உயிர் நீத்தார்.

எமது தாயகத்திற்கும் இச்சபை புதியதன்று. 1812ஆம் ஆண்டு ஜேம்ஸ் சேற்றர் என்ற பப்டிஸ்த போதகர் பர்மாவிலிருந்து கொழும்பு வந்து பணி தொடங்கினார். எனினும் அப்பணி பெரும்பாலும் சிங்களப் பகுதிகளிலேயே வேரூன்றியது. வடக்கே 1814இல் மெதடிஸ்தரும், 1816இல் அமெரிக்க மிஷனாரும், 1818இல் அங்கிலிக்கரும் வந்து சேர்ந்தனர். ஆகவே யாழ்ப்பாணத்தவருக்கு அமெரிக்க மிஷன் அறிமுகமான அளவிற்குப் பப்டிஸ்த சபை அறிமுகமாகவில்லை.

இத்தாலிக்கு 1863இல் ஜேம்ஸ் வோல் என்ற ஆங்கிலேயப் போதகர் வந்து பொலோஞ்ஞா நகரில் பணியைத் தொடக்கினார். 1870களில் அமெரிக்கரும் இணைந்தனர். வெளிநாட்டு மிஷன்களாக இருந்த இச்சபைகள் 1956ஆம் ஆண்டு இத்தாலிய பப்டிஸ்த சபைகளின் ஒன்றியமாகத் தம்மை அமைத்துக்கொண்டன.

சபை எவ்வாறு நடைபெறுகின்றது?

பப்டிஸ்த சபையில் ஆயர் இல்லை. மேலிடத்துக் கட்டளையும் இல்லை. ஒவ்வோர் ஊரின் சபையும் தன்னைத்தானே ஆள்கின்றது. உறுப்பினர் கூட்டமே உயர்ந்த அதிகாரமுடையது. போதகரை அழைப்பதும், உதவிக்காரரைத் தெரிவு செய்வதும், புதிய உறுப்பினரை ஏற்பதும் அக்கூட்டத்தின் முடிவினாலேயே நடைபெறும். காணிக்கையாக வந்த பணம் எவ்வளவு, அது எவ்வாறு செலவாயிற்று என்பது உறுப்பினர் அனைவரின் முன்னிலையிலும் வாசிக்கப்படும். அக்கூட்டத்தில் வீட்டுப்பணி செய்யும் பெண்ணுக்கும் மருத்துவருக்கும் ஒரே வாக்குத்தான்.

ஞாயிறு ஆராதனை எளிமையானது. பாடல், செபம், வேதவாசிப்பு, பிரசங்கம் என்பன அதன் அங்கங்கள். திருவிருந்தில் அப்பமும் திராட்சை இரசமும் எல்லோருக்கும் பகிரப்படும். சுரூபங்கள் இரா, புனிதர்களை நோக்கி வேண்டுதலும் இல்லை. பெல்லெகிரீனோ மலையிலுள்ள புனித றொசாலியாவின் குகைக் கோவிலுக்குச் சைவரும் கத்தோலிக்கருமாக எம்மவர் ஏறிச் செல்வதைப் பலெர்மோ முழுவதும் அறியும். பப்டிஸ்தரோ வால்தேசியரோ அவ்வழிபாட்டில் பங்குகொள்வதில்லை. இவ்வேறுபாட்டை மறைப்பதில் பயனில்லை. அறிந்து மதிப்பதே அயலாருக்கு அழகு.

ஆராதனை முடிந்த பின்னரே சபையின் மறுபாதிப் பணி தொடங்குகின்றது எனலாம். நோயுற்றோரைக் காணுதல், வேலை இழந்தவருக்கு வழிகாட்டுதல், ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கற்பித்தல், தனித்திருக்கும் முதியோருடன் உண்ணுதல் என அது விரியும். வீட்டுப் பணியாளருக்கு வழமையாகக் கிடைக்கும் ஓய்வு ஞாயிறும் வியாழன் பிற்பகலுமே. குடியேறிய மக்களிடையே இயங்கும் சபையாயின், தன் கூட்டங்களை அந்நேரங்களுக்கு ஏற்பவே ஒழுங்குசெய்ய வேண்டியிருக்கும்.

பலெர்மோவில் ஒரு சிறு சபையின் குரல்

1990ஆம் ஆண்டு இத்தாலியின் பப்டிஸ்தரும், வால்தேசியரும் மெதடிஸ்தரும் ஒருவரையொருவர் முழுமையான திருச்சபையாக அங்கீகரித்தனர். ஞானஸ்நானம் பற்றிய கருத்து வேறுபாடு நீங்கிவிடவில்லை. அது நீங்காமலே ஒருவர் மற்றவரின் உறுப்பினரையும் போதகரையும் ஏற்க இணங்கினர். 1993 முதல் இம்மூன்று சபையினரும் ‘றிஃபோர்மா’ என்னும் வாராந்தப் பத்திரிகையைச் சேர்ந்தே நடத்தி வருகின்றனர். ஆகவே லிபெர்த்தா வீதி தொடங்கும் பொலித்தெயாமா அரங்கின் அயலில், டெல்லோ ஸ்பேட்சியோ வீதியில் அமைந்துள்ள வால்தேசிய ஆலயம் பப்டிஸ்தருக்கும் அந்நிய இல்லம் அன்று.

வால்தேசியரும் அகதி வாழ்வை அறிந்தவர்களே. 1680களில் தம் பள்ளத்தாக்குகளிலிருந்து துரத்தப்பட்டுச் சுவிற்சர்லாந்தில் தஞ்சம் புகுந்த அவர்கள், 1689இல் மலைகளைக் கடந்து ஆயுதமேந்தி ஊர் திரும்பினர். சிசிலியில் அவர்கள் பணிபுரிய வாய்ப்புக் கிடைத்தது 1860இல் கரிபால்டியின் படை பலெர்மோவைக் கைப்பற்றிய பின்னரேயாகும்.

அச்சபையின் போதகர் பியெத்றோ வால்டோ பனாஷா, 1959ஆம் ஆண்டு நகரின் வறிய பகுதியான நோச்சேயில் ஒரு சமூகப்பணி நிலையத்தை நிறுவினார். நான்கு ஆண்டுகளின் பின், 1963 யூன் 30ஆம் நாள், பலெர்மோவின் சியாகுள்ளி புறநகரில் மாஃபியாவினர் வைத்த மோட்டார்க் கார்க் குண்டு வெடித்து ஏழு படையினரும் காவலரும் கொல்லப்பட்டனர். நகரம் வாய்மூடி இருந்தது. அவ்வேளையில், மனித உயிரை மதிக்குமாறு கோரும் சுவரொட்டிகளைத் தம் சபையின் பெயரில் நகரெங்கும் ஒட்டச் செய்தார் பனாஷா. சுவரொட்டியின் செய்தி உரோமாபுரி வரை சென்றது. கத்தோலிக்கத் திருச்சபையும் இவ்வாறு பேசலாகாதா என வத்திக்கானிலிருந்து அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் பலெர்மோவின் கர்தினால் எர்னெஸ்தோ றுஃபீனிக்குக் கடிதம் எழுதப்பட்டது. மாஃபியாவின் மனப்பாங்கைச் சமயத்துடன் தொடர்புபடுத்துவதை மறுத்து அவர் பதிலளித்தார். கத்தோலிக்கத் திருச்சபை சிசிலியில் மாஃபியாவை வெளிப்படையாகக் கண்டிக்கும் காலம் பின்னர் வந்தது. அதற்கு முன்னரே பேசியது, நகரத்தவருள் பலர் பெயரும் அறியாத ஒரு சிறுபான்மைச் சபை.

நோச்சே நிலையம் இன்றும் இயங்குகின்றது. பாடசாலையாகத் தொடங்கிய அதன் பணி, குடியேறி வந்தோரையும் தாங்கும் பணியாக வளர்ந்துள்ளது. பப்டிஸ்தரும் உறுப்புரிமை வகிக்கும் இத்தாலிய எவாஞ்செலிக்கத் திருச்சபைகளின் கூட்டமைப்பு, 2015 டிசெம்பரில் சான்த் எஜீடியோ என்ற கத்தோலிக்க அமைப்புடனும் வால்தேசியருடனும் சேர்ந்து அரசுடன் ஓர் உடன்படிக்கை செய்தது. அதன்படி 2016 பெப்ரவரி முதல் சிரிய அகதிகள் லெபனானிலிருந்து கடலில் உயிரைப் பணயம் வைக்காது, விமானமேறிச் சட்டபூர்வமாக இத்தாலி வந்து சேர்ந்தனர். எம்மவர் 1980களில் வந்தபோது அத்தகைய வழி எதுவும் இருக்கவில்லை. ஐரோப்பியர் அல்லாதோரை இத்தாலி அகதியாக ஏற்பதற்கே 1990 பெப்ரவரியின் மார்த்தெல்லிச் சட்டம் வரவேண்டியிருந்தது.

சட்டம் தரும் உரிமைகள்

வழிபாட்டுரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியதென எம்மவருள் சிலர் கருதுவதுண்டு. அது தவறு. 1948 முதல் நடைமுறையிலுள்ள இத்தாலிய அரசியலமைப்பின் 19ஆம் உறுப்புரை, தனியாகவும் கூட்டாகவும் வழிபடும் உரிமையை அனைவருக்கும் வழங்குகின்றது. 8ஆம் உறுப்புரையின்படி கத்தோலிக்கம் அல்லாத சமயங்கள் அரசுடன் உடன்பாடு செய்துகொள்ளலாம். வால்தேசியரும் மெதடிஸ்தரும் 1984இலும், பப்டிஸ்தர் 1993இலும் அவ்வாறு கையெழுத்திட்டனர். பப்டிஸ்தரின் உடன்பாடு 1995ஆம் ஆண்டின் 116ஆம் இலக்கச் சட்டமாயிற்று. இந்துக்களின் உடன்பாடு 2007இல் கையெழுத்தாகி 2012 இறுதியில் சட்டமாயிற்று. இத்தகைய உடன்பாடுகள் வைத்தியசாலையிலும் சிறையிலும் உள்ளோரைச் சமயப் பணியாளர் சந்திப்பதற்கும், அவர்கள் நடத்தும் திருமணம் உரிய பதிவுடன் சட்டப்படி செல்லுபடியாவதற்கும் வழி செய்கின்றன.

பெற்றோர் அறியவேண்டிய இன்னொன்றும் உண்டு. பாடசாலைகளில் கத்தோலிக்க சமய பாடம் கட்டாயமன்று. சேர்வுப் படிவத்தில் வேண்டும் அல்லது வேண்டாம் எனக் குறிப்பிடலாம். உயர்நிலைப் பாடசாலையில் அத்தெரிவு மாணவருக்கே உரியது. புரியாத படிவத்தில் கண்ணை மூடிக் கையெழுத்திடுவதைத் தவிர்த்தல் நன்று.

எம்முன் உள்ள கேள்வி

தமிழில் தனியே கூடி வழிபடுவதா, உள்ளூர் சபையுடன் இணைவதா என்பது எமது புரட்டஸ்தாந்து குடும்பங்கள் எதிர்நோக்கும் கேள்வி. தாய் தமிழில் செபிக்கின்றாள். பிள்ளை இத்தாலிய மொழியில் சிந்திக்கின்றது. தனித்துக் கூடினால் பிள்ளை விலகும் என்ற அச்சமும், இணைந்தால் தாய் ஊமையாவாள் என்ற அச்சமும் ஒருங்கே எழுகின்றன. இத்தாலியப் புரட்டஸ்தாந்து சபைகள் இதற்குக் கண்ட வழிக்கு ‘சேர்ந்து திருச்சபையாக இருத்தல்’ என்று பெயர். ஒரே ஆராதனையில் பல மொழிகளுக்கு இடமளிப்பதும், புதிதாக வந்தோரையும் சபையின் பொறுப்புகளில் அமர்த்துவதும் அதன் நோக்கம். அது இலகுவான வழியன்று. ஆராதனை நீளும், பாடல்முறை மாறும், பழையவர் முகம் சுளிப்பர். ஆயினும் வந்தவரை விருந்தாளியாகவே என்றும் வைத்திருப்பதைவிட அது மேலானது. விருந்தாளிக்கு உணவு கிடைக்கும், வாக்கு கிடைக்காது.

இக்கேள்வி எமது கோவில்களுக்கும், தமிழ்ப் பாடசாலைகளுக்கும், மன்றங்களுக்கும் பொருந்தும். இங்கு வளர்ந்த இளையோர் பலர் வட இத்தாலிக்கும் பிற நாடுகளுக்கும் பெயர்ந்து செல்கின்றனர். எஞ்சியிருப்போரும் பொறுப்பேற்கத் தயங்குகின்றனர். கணக்கு எல்லோர் முன்னும் வாசிக்கப்படுகின்றதா? இருபது வயதினரின் சொல்லுக்கு நிர்வாகத்தில் மதிப்புண்டா? பெண்களின் உழைப்பால் நடைபெறும் நிறுவனத்தில் அவர்களின் வாக்கு எண்ணப்படுகின்றதா? நானூறு ஆண்டுகளுக்கு முன் ஆம்ஸ்ரர்டாமில் தஞ்சம் புகுந்த ஒரு சிறு கூட்டம், தனக்கெனக் கட்டடமோ அரச ஆதரவோ இல்லாத நிலையில், எல்லோரும் கூடி முடிவெடுக்கும் வழக்கத்தைத் தொடக்கியது. அவ்வழக்கத்தைப் பின்பற்ற எவரும் சமயம் மாறவேண்டியதில்லை.

அடுத்த பொதுக்கூட்டத்திற்கு எமது வாசகர்கள் தம் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வார்களாக. அவர்கள் இத்தாலிய மொழியில் பேசினாலும் பொறுமையுடன் கேட்கப்படட்டும்.