குற்றாலச் சாரலில் கோடி ரூபாய் கார்!

ஆனி மாதம் பிறந்து மேற்கு மலை மேல் மேகம் இறங்கிவிட்டால் போதும்... தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்ட அந்த ஐந்து கிலோமீட்டர் சாலை ஒரு வாகனக் கண்காட்சியாகவே மாறிவிடும். மதுரை வேன், திருநெல்வேலி பஸ், கொல்லம் பதிவெண் கார், தூத்துக்குடியிலிருந்து மூன்று பேரைச் சுமந்து வரும் பைக் என்று எல்லாம் இருக்கும். இந்தக் கூட்டத்துக்கு நடுவே எப்போதாவது தரையோடு தரையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உறுமிக்கொண்டு வந்து நின்றால், ஐந்தருவியை மறந்துவிட்டு அதைச் சுற்றிக் கூட்டம் கூடும். செல்போன்கள் உயரும். "அண்ணாச்சி, இது என்ன விலை இருக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி.

அதற்குப் பதில் சுலபம். இரண்டு கோடி, நான்கு கோடி, ஆறு கோடி என்று ஏதோ ஒரு எண். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "வருஷத்துக்கு என்ன செலவாகும்?"

இது பணக்காரர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால், தென்காசி, கடையநல்லூர் பக்கம் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஏராளம். துபாய் சாலையில் தினமும் பார்த்த காரை ஒருநாள் சொந்த ஊர்த் தெருவில் நிறுத்திப் பார்க்கிற ஆசை யாருக்குத்தான் வராது? புதுசு வாங்க முடியாதுதான். ஆனால், பத்து வருடம் ஓடிய போர்ஷேவோ ஆடி ஆர்8-ஓ ஒரு புது ஃபார்ச்சூனர் விலையை நெருங்கி விற்பனைக்கு வரும்போது கை துறுதுறுக்கிறது. சேமிப்பைப் போட்டு, மிச்சத்துக்குக் கடனும் வாங்கிவிட்டால் கார் வாசலுக்கு வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். வயசு ஏற ஏற காரின் விலைதான் இறங்குமே தவிர, அதன் உதிரி பாகத்தின் விலை இறங்காது. இரண்டு கோடி ரூபாய் காரை நாற்பது லட்சத்துக்கு வாங்கினாலும், பிரேக் மாற்றும்போது வருவது இரண்டு கோடி ரூபாய் காருக்கான பில்.

சச்சினின் சிவப்பு ஃபெராரி

இந்தியாவில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் குடும்பங்களின் சாப்பாட்டு மேஜை வரை பேசப்பட்டது என்றால், அது சச்சின் டெண்டுல்கரின் ஃபெராரிதான். டெஸ்ட்டில் பிராட்மேனின் 29 சதங்களைச் சமன் செய்ததற்காக, 2002-ல் ஃபியட் நிறுவனம் அவருக்கு 360 மோடேனா காரைப் பரிசளித்தது. சாவியைக் கொடுத்தவர் மைக்கேல் ஷூமாக்கர். பரிசு இலவசம். ஆனால், அதை இந்தியாவுக்குள் கொண்டுவர 1 கோடியே 13 லட்சம் ரூபாய் சுங்க வரி! அரசு வரிவிலக்கு கொடுத்தது, விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது, கடைசியில் ஃபியட்டே அந்த வரியைக் கட்டியது. 2011-ல் சச்சின் அந்தக் காரை விற்றுவிட்டார்.

வரி கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் காரின் வயிற்றுக்குள் இருந்த ஒரு ரப்பர் பெல்ட்டின் கதை அவ்வளவாகத் தெரியாது. இன்ஜினின் வால்வுகளும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதாமல் தாளம் தப்பாமல் இயங்க வைப்பது டைமிங் பெல்ட். 360 மோடேனாவில் இதைச் சுமார் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம். ஓட்டினாலும் மாற்ற வேண்டும், ஓட்டாமல் ஷெட்டில் துணி போர்த்தி வைத்திருந்தாலும் மாற்ற வேண்டும். ரப்பருக்குக் காலண்டர்தான் கணக்கு. கிலோமீட்டர் இல்லை. அறுந்தால் இன்ஜினே போய்விடும். அதற்கு முந்தைய எஃப்355 மாடலில் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பெல்ட்டை எட்டிப் பிடிக்க முழு இன்ஜினையும் காரிலிருந்து கீழே இறக்க வேண்டும். ஒரு பெல்ட்டுக்காக! ஃபெராரிக்கே இது உறைத்திருக்க வேண்டும், அடுத்து வந்த எஃப்430-ல் பெல்ட்டுக்குப் பதில் செயின் போட்டுவிட்டார்கள்.

'நான் மாசத்துக்கு ஒரு தடவைதானே எடுக்கப்போகிறேன், என்ன தேயப்போகிறது?' என்று நினைப்பவர்கள் இந்தப் பெல்ட்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நின்றுகொண்டே இருக்கும் காருக்கும் செலவு உண்டு. பேட்டரி இறங்கும். அதற்கென்று தனி சார்ஜரை எப்போதும் மாட்டி வைக்க வேண்டும். டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம். சாரல் காலத்தில் மாதக்கணக்கில் டாங்கில் பெட்ரோல் கிடந்தால் எரிபொருள் பம்புக்கு நல்லதில்லை. வயலும் தோப்பும் சூழ்ந்த ஊரில் எலி வேறு. அதற்கு ஸ்விஃப்ட் வயரும் ஃபெராரி வயரும் ஒன்றுதான், கடிபட்டதை மாற்றுகிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

இந்த வகைக் கார்களின் உச்சத்தில் இருப்பது புகாட்டி வேரான். பதினாறு சிலிண்டர், பத்து ரேடியேட்டர், 1001 குதிரைத்திறன், மணிக்கு 407 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓட்டினால் டயர் கால் மணி நேரம்தான் தாங்கும். கவலை வேண்டாம், அதற்குள் பெட்ரோல் டாங்க் காலியாகிவிடும்! ஆயில் மாற்ற மட்டும் சுமார் 20,000 டாலர். நம் பணத்தில் 17 லட்சம் ரூபாய்க்கு மேல். காரின் பின்பக்கத்தையே பிரித்துப் போட்டு, பதினாறு இடங்களில் திருகு கழற்றி ஆயிலை வடிக்க வேண்டும் என்பதால் அந்தக் கூலி.

மிஸ்டர் பீன் மட்டும் விதிவிலக்கு. குழந்தைகளுக்குப் பிடித்த அந்த ரோவன் அட்கின்சன், 1997-ல் ஒரு மெக்லாரன் எஃப்1 வாங்கினார். ஷெட்டில் பூட்டி வைக்காமல் 41,000 மைல் ஓட்டினார். 2011-ல் மரத்தில் மோதி, கார் தீப்பிடித்தது. சரிசெய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. காப்பீட்டு நிறுவனம் கட்டிய தொகை சுமார் 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு, வாங்கிய விலையைவிட அதிகம். இவ்வளவுக்குப் பிறகும் 2015-ல் அந்தக் கார் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. இந்தக் கதையைச் சொல்லித்தான் பலரும் 'கார் ஒரு முதலீடு' என்பார்கள். உலகத்தில் மொத்தமே 106 எஃப்1 கார்கள்தான் தயாராயின என்பதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

வேகத்தடை, எஸ் வளைவு, குரங்கு

சரி, இப்படி ஒரு காரைத் தென்காசிக்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

முதலில் வாழ்நாள் வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 2023 நவம்பரிலிருந்து 20 சதவீதம். நான்கு கோடி ரூபாய் கார் என்றால் வரி மட்டும் 80 லட்சம். தென்காசிப் பக்கம் அதற்கு ஒரு நல்ல வீடே கட்டிவிடலாம்.

அடுத்தது சாலை. திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாக வரும் அகலமான பாதையில் இந்தக் கார்களுக்குப் பிரச்னை இல்லை. ஊருக்குள் திரும்பியதும்தான் வேகத்தடைகள் தொடங்குகின்றன. இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். ஏறி இறங்குவதே தெரியாத சரிவு அது. நம்மூர்த் தெருக்களில் அகலம் சுருங்கி உயரம் கூடியவைதான் பல. லம்போர்கினி ஹுராகான் காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 125 மில்லிமீட்டர் வாக்கில். மாருதி ஸ்விஃப்ட்டுக்கு 163. ஒரு பொத்தானை அழுத்தினால் மூக்கை நாலைந்து சென்டிமீட்டர் தூக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆனால், அது மூக்கைத்தான் காப்பாற்றும், நடுவயிறு தட்டுவதைத் தடுக்காது. உரசி உடைவது தகரமாக இருந்தால் டிங்கரிங் பார்க்கலாம். கார்பன் ஃபைபரை எந்தப் பட்டறையில் நிமிர்த்துவது?

இந்தியாவில் லம்போர்கினி விற்பனையில் பெரும்பங்கு, உயரமான உருஸ் எஸ்.யூ.வி.க்குத்தான் என்பதில் ஆச்சரியம் இல்லை. ஹுராகானையே 44 மில்லிமீட்டர் உயர்த்தி 'ஸ்டெராட்டோ' என்று கரடுமுரடான பாதைக்கு ஒரு மாடல் கொண்டுவந்தார்கள்.

செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவு இன்னொரு பரீட்சை. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளா போகும் டாரஸ் லாரிகளுக்குப் பின்னால், மழையில், முதல் கியரில் ஊர்ந்து ஏற வேண்டும். பழைய ஃபெராரி போன்றவற்றின் தானியங்கி கிளட்ச்சுக்குப் பிடிக்காத வேலை இதுதான். நெடுஞ்சாலையில் வருடக்கணக்கில் உழைக்கும் கிளட்ச், ஊர்ந்து போகும் மலைப்பாதையில் மளமளவென்று தேயும். மாற்றப் பல லட்சம். பந்தயப் பாதைக்கென்று செய்த வழவழப்பான டயர்களுக்கு ஈரச் சாலை ஆகாது என்பது வேறு.

குற்றாலத்துக்கே உரிய சங்கடங்களும் உண்டு. கூரை திறக்கும் காரைக் குரங்குகள் கண்ணில் படும்படி நிறுத்திவிட்டு அருவிக்குப் போக முடியாது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, அல்காந்தாரா சீட்டில் உட்காரவும் மனசு வராது.

மெக்கானிக் எங்கே?

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, தூரம். நம் பகுதி மெக்கானிக்குகளின் கைத்திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால், இந்தக் கார்கள் பேசுவது கம்ப்யூட்டரோடு. நிறுவனத்தின் மென்பொருள் இல்லாமல் பல வேலைகளைத் தொடங்கக்கூட முடியாது. போர்ஷே என்றால் 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கொச்சி, இல்லாவிட்டால் சென்னை. ஃபெராரி, லம்போர்கினி என்றால் பெங்களூரு, மும்பை என்று பார்க்க வேண்டும். நடுவழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்கவும் முடியாது. மேடை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தாலும் பாகம் இத்தாலியிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வரும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பு.

காப்பீடு இருக்கிறதே என்றால், அதிலும் நுணுக்கம் உண்டு. வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, தண்ணீர் உள்ளே போய் இன்ஜின் உடைந்தால் சாதாரண பாலிசி கைவிரித்துவிடும். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். பழைய அருவியில் 2024 மே மாதம் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவனின் உயிரையே கொண்டுபோன ஊர் இது, மழையை அலட்சியம் செய்ய முடியாது. பத்து வருடம் தாண்டிய காரில் உலோகப் பாகங்களுக்கே பாதி விலையைத்தான் தேய்மானம் போகக் கொடுப்பார்கள். பழுது பார்க்கும் செலவு, காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் 'டோட்டல் லாஸ்' கணக்கு. மலிவாக வாங்கிய காருக்குக் காப்பீட்டு மதிப்பும் மலிவு, பாகங்களின் விலை மட்டும் அப்படியே. ஒரு முகப்பு விளக்கும் பம்பரும் கதவும் போனாலே அந்த எல்லையை நெருங்கிவிட வாய்ப்பு இருக்கிறது.

'விலை அதிகம் என்றால் கெடாது' என்ற நம்பிக்கையும் சரியல்ல. 2010-ல் ஃபெராரி 458 கார்கள் சில தீப்பிடித்தன. சக்கர வளைவில் வெப்பத்தடுப்பை ஒட்டிய பசை சூடேறியதுதான் காரணம். 1,248 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2014-ல் போர்ஷே 911 ஜிடி3-ல் ஒரு போல்ட் தளர்ந்து இன்ஜின் தீப்பிடிக்க, 785 கார்களுக்கும் இன்ஜினையே மாற்றிக் கொடுத்தது நிறுவனம். அதற்காக எல்லா ஸ்போர்ட்ஸ் கார்களும் அப்படியும் இல்லை. 1990-ல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ், தினசரி ஆபீஸ் போய்வரலாம் என்ற அளவுக்கு நம்பகமானது. மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கார்டன் முர்ரேவே அதை வாங்கி வருடக்கணக்கில் ஓட்டினார். சாதாரண 911-களுக்கும் அந்த நல்ல பெயர் உண்டு.

நடிகர் அஜித் குமாரின் பந்தய அணியைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அவர் ஓட்டிய போர்ஷே மோதி நொறுங்கியது. சில நாட்களிலேயே அந்தப் பந்தயத்தில் அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. கொடியோடு அவர் ஓடிவந்த வீடியோவைத்தான் எல்லோரும் பார்த்தோம். அந்தக் கார் இரவு பகல் ஓட, குழியில் காத்திருந்த மெக்கானிக் கூட்டம் வீடியோவில் அதிகம் தெரியவில்லை.

தென்காசி மாவட்டத்தின் மிகப் பெரிய பணக்காரர் என்று யாரைக் கேட்டாலும் மத்தளம்பாறையில் வசிக்கும் ஸோகோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவைத்தான் சொல்வார்கள். அவர் ஊருக்குள் போய்வர வாங்கியது மின்சார ஆட்டோ! அதற்கு ஆயில் மாற்றும் வேலையே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால், பழைய காரைப் பார்க்கப் போகும்போது பெயின்ட் பளபளப்பை விட்டுவிட்டு சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பல மாடல்களில் ஸ்கேனரிலேயே படிக்கலாம். விற்பவர் செலவில் வேண்டாம், உங்கள் செலவில் ஒரு அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சோதனை செய்யுங்கள். அதற்கெல்லாம் முன்னால், குனிந்து டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2316 என்றிருந்தால் 2016-ம் வருடம் 23-வது வாரம் தயாரான டயர். இன்னும் புதுசு போலப் பட்டை தேயாமல் இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். அத்தனை வருடமும் அந்தக் கார் எங்கேயோ நின்றுகொண்டே இருந்திருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் ரப்பர் குழாய்களுக்கும் பெல்ட்டுக்கும் அநேகமாக அதே வயசுதான்.